கம்பவுண்டரும் பொட்டுவின் இடது காதும்

கம்பவுண்டர் எண்ணெய்க் கரண்டியைச் சிமினி விளக்கின் வாய்க்கு நான்கு விரல் உயரத்தில் பிடிக்கிறார். எண்ணெய் ஓரத்தில் நெளியத் தொடங்கியதும் இறக்கி, ஒரு சொட்டைத் தன் கண்ணிமையின் மேல் வைத்துப் பார்க்கிறார். சுடவில்லை. "கைத்தோலு பொய் சொல்லும். கண்ணு ரெப்பை சொல்லாது" என்பார். பிறகு நாயின் பக்கம் திரும்பி இங்கிலீஷில், "சிட். சிட் ஐ சே" என்கிறார். நாய் உட்காருவதில்லை.

கம்பவுண்டர் இயேசுதாசனுக்கு அறுபத்து மூன்று வயது. சித்தூருக்கு வெளியே, மாங்கூழ் ஆலையைத் தாண்டிய மிஷன் தெருவில் வீடு. கால்நடை ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் மருந்து கலக்கிவிட்டு ஓய்வு பெற்றவர். அந்த ஓய்வை ஆடுமாடுகள் ஏற்றுக்கொள்ளவில்லை. காலை ஏழு மணிக்கே வாசல் வேப்பமரத்தில் ஏதாவது ஒன்று கட்டியிருக்கும். எருமையிடம் தெலுங்கில் பேசுவார். ஆட்டிடம் தமிழ். நாயிடம் மட்டும் இங்கிலீஷ்; எந்தத் துரையின் நாயைப் பார்த்து இந்தப் பழக்கம் வந்தது என்று அவருக்கே நினைவில்லை.

வலது ஆள்காட்டி விரல் எப்போதும் ஊதா. புண் மருந்தின் கறை. சர்ச்சில் நற்கருணை அப்பத்துக்குக் கை நீட்டும்போது போதகர் ஐயர் அந்த விரலைத்தான் முதலில் பார்ப்பார். "கம்பவுண்டரே, பரலோகத்துல உம்ம பேரைக் கேக்க மாட்டாங்க. வெரலைக் காட்டினாப் போதும்" என்று ஒருமுறை சொன்னார். இயேசுதாசன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மருந்துகள் பழைய இருமல் சிரப் பாட்டில்களில் இருக்கும். லேபிள்களைத் தெலுங்கில் அவரே கிறுக்கி ஒட்டியிருக்கிறார். அவரைத் தவிர வேறு யாரும் அவற்றை வாசித்ததில்லை. சொறிக்குக் கந்தகம் குழைத்த புங்க எண்ணெய். காதுக்குப் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். புண்ணுக்கு ஊதா. டாக்டரிடம் காட்டலாமே என்று யாராவது வாயெடுத்தால் பதில் தயாராக இருக்கும்: "டாக்டரு எழுதுவாரு. கலக்கறது யாரு?"

பக்கத்துத் தெரு செங்கம்மா ஒரு நாள் வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா கம்பவுண்டரே, நீ குடுத்த மருந்துல ஆடு கழியறது நின்னுச்சு. துன்றதும் நின்னு போச்சே."

"நீ கேட்டது ஒண்ணுதானே? ரெண்டும் வோணும்னா டவுனுக்குப் போ."

"போறேன். அங்க டாக்டராவது ஆட்டைத் தொட்டுப் பாப்பாரு."

"எங்க தொடுவாரு? வெள்ளைக் கோட்டு அழுக்காயிடுமே."

சொல்லிக்கொண்டே அவர் ஆட்டின் கீழுதட்டைப் புரட்டினார். ஈறை ஒரு விரலால் அழுத்தி விட்டு, வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்புவதற்குள் எத்தனை எண்ண முடிகிறது என்று வாய்க்குள் எண்ணினார். வெல்லமும் உப்பும் கரைத்துக் கொடுத்தார். சாயங்காலம் ஆடு தழை தின்றது. அவர் கை நல்ல கை. அவர் மகன் சுந்தர்சிங்கும் அதை மறுக்க மாட்டான்.

சுந்தர்சிங்குக்கு ரேணிகுண்டாவில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை. அங்கே ஒவ்வொரு பழுதுக்கும் பதிவேட்டில் மூன்று கட்டங்கள் உண்டு: பழுது தெரிந்த நேரம், தகவல் சொன்ன நேரம், ஆள் போய்ச் சேர்ந்த நேரம். அவன் அம்மா ஜெயசீலியின் கால் கட்டைவிரலைப் புதுச் செருப்பு கடித்தது மார்ச் ஐந்தாம் தேதி. வேலூருக்குக் கொண்டுபோனது ஏப்ரல் பதினைந்து. நடுவில் நாற்பத்தொரு நாள், சர்க்கரை நோயாளியின் விரலுக்கு ஊதா மருந்தும் துணிக்கட்டும். வேலூரில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். பதினோராம் நாள் அம்மா இறந்துபோனாள்.

அந்த நாற்பத்தொரு நாளில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவனும் வீட்டுக்கு வந்திருந்தான். விரலில் இருந்த துணிக்கட்டைப் பார்த்தான். நைனா பார்த்துக்கொள்கிறார் என்று சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறினான். தகவல் சொல்லாதவன் என்று இரண்டாவது கட்டத்தில் தன் பெயரும் எழுதப்பட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அடக்கத்துக்குப் பிறகு அப்பாவும் மகனும் மழையைப் பற்றிப் பேசினார்கள். பென்ஷன் ஆபீஸைப் பற்றிப் பேசினார்கள். கால் என்ற சொல்லை இருவரும் எடுக்கவில்லை.

அம்மா விட்டுப்போனது ஒரு நாய். முயல் அளவு, வெள்ளை, நெற்றியில் மட்டும் வட்டமாகப் பழுப்பு. அதனால் பொட்டு என்று பெயர் வைத்திருந்தாள். "பொட்டு வைக்காத வூட்டுல நாய்க்கு மட்டும் பொட்டா சிஸ்டர்?" என்று மாதர் சங்கத்தில் கேலி செய்தபோது, "நானா வெச்சேன்? ஆண்டவரே வெச்சி அனுப்பிட்டாரு" என்றாளாம்.

மே மாதத்திலிருந்து பொட்டு சொறிந்துகொண்டே இருந்தது. முழங்கைகளில் முடி உதிர்ந்து தோல் தடித்தது. இடது காதில் முதலில் பழுப்பு அழுக்கு, அப்புறம் மஞ்சள் நீர், அப்புறம் வாசற்படியிலேயே தெரிகிற நாற்றம். இயேசுதாசன் ஒரு வேளைகூடத் தவறவில்லை. காலையும் மாலையும் பூண்டு உரித்தார், எண்ணெய் காய்ச்சினார், இமையில் வைத்துப் பார்த்து ஊற்றினார். ஆகஸ்டில் நாயின் தலை இடது பக்கம் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது. சோற்றுத் தட்டைக் குறிவைத்துப் போய், தட்டுக்கு ஒரு சாண் தள்ளித் தரையைக் கவ்வியது.

"நைனா, திருப்பதிக்கு இட்டுக்கினு போலாம். கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரில நாய்ங்களைத் தனியா பாக்கறாங்க."

"நாய்க்கா? பஸ்சு ஏறியா? நான் இன்னா செத்துப் பூட்டனா?"

"மூணு மாசமாச்சு நைனா."

"காது நோவுன்னா மூணு மாசம் இருக்கும். முப்பத்தொரு வருசம் கலக்கினவன்டா. எனக்கே பாடம் சொல்லிக்கினு."

சுந்தர்சிங் எழுந்து பொட்டுவின் தட்டைக் கழுவப் போனான். பேச்சு தொடர்ந்தால் நாயோடு நிற்காது.

அன்று மாலை இயேசுதாசன் கரண்டியோடு வந்தார். பொட்டு அம்மாவின் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. "கம். கம் ஹியர், குட் கேர்ள்." அது சுவரோடு ஒட்டியது. அவர் முழங்காலிட்டுக் கையை நீட்டினார். நாய் உறுமவில்லை, கடிக்கவும் இல்லை. நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டு, சாய்ந்த தலையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டு நடுங்கியது.

வேலூருக்குப் போகும் முன் கடைசி வாரத்தில் அம்மாவும் இப்படித்தான் செய்தாள். பாட்டிலோடு அவர் வருவதைப் பார்த்தால் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வாள். "அப்புறம் போடலாங்க. இப்பத்தான் வலி கொஞ்சம் அடங்கிக்கினு இருக்குது" என்பாள். சுந்தர்சிங் அதைப் பார்த்திருக்கிறான்.

இயேசுதாசன் கட்டிலுக்கு முன்னால் முழங்காலிட்டபடியே இருந்தார். எண்ணெய் கரண்டியிலிருந்து தரையில் சொட்டி முடிந்தது. எழுந்திருக்கக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"காலைல ஆறேகாலுக்கு ஒரு வண்டி இருக்குது" என்றார்.

நாயை மாங்காய்க் கூடையில் வைத்து மேலே துணி போர்த்தினார்கள். கண்டக்டர் குனிந்து பார்த்துப் பெரியவரைக் கூப்பிட்டார்.

"பெத்தாயனா, கூடையில இன்னா? மூச்சு வுடுது."

"மாங்கா" என்றான் சுந்தர்சிங்.

"சீசன் முடிஞ்சி எத்தினி நாளாச்சு. உங்க மாங்காக்கு மூக்கு வேற மொளச்சிருக்குது. கடைசி சீட்டுக்குப் போங்க. கொலைச்சா சந்திரகிரில எறக்கி வுட்டுடுவேன், ஆமா."

பஸ் சிரித்தது. இயேசுதாசன் சிரிக்கவில்லை. திருப்பதி வரும்வரை துணிக்குள் கைவிட்டு நாயின் தாடையை உள்ளங்கையில் தாங்கியிருந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் முழங்கை மட்டும் ஏறி இறங்கியது.

ஆஸ்பத்திரி ஜன்னலில் அவர்களுக்கு முன்னால் பதினான்கு பேர். இப்படிப்பட்ட ஜன்னலுக்கு உள்பக்கம்தான் அவர் வாழ்நாளெல்லாம் நின்றிருக்கிறார். உள்ளே ஒரு கம்பவுண்டர் அளவுக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நானும் டிபார்ட்மென்ட்தான்' என்று அப்பா இப்போது சொல்லிவிடுவார் என்று சுந்தர்சிங் காத்திருந்தான். அவர் சொல்லவில்லை. கூடையைக் காலால் நகர்த்தி நகர்த்தி வரிசையில் போனார்.

டாக்டர் சுலோசனாவுக்கு முப்பது வயது இருக்காது. இயேசுதாசன் அவளைக் கண்டதும் பெஞ்சிலிருந்து எழுந்துகொண்டார். வாய்க்கு நாடா கட்டி அவர் நாயைப் பிடித்த விதத்தைப் பார்த்து, "நல்லா புடிக்கிறீங்களே ஐயா" என்றாள். முழங்கைத் தோலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். காதை வெந்நீர்ப் பஞ்சால் துடைத்தாள். ஒன்பது பஞ்சு. கடைசிப் பஞ்சும் மஞ்சளாகவே வந்தது. விளக்கை வைத்து வெகுநேரம் உள்ளே பார்த்தாள்.

"அரிப்பு தோல்ல இருக்கற பூச்சியால. அது சின்ன விஷயம், மருந்து தேய்ச்சா போயிடும். காதுதான் மோசம். செவிப்பறை கிழிஞ்சிருக்கு. அதுக்கு மேல எண்ணெய ஊத்தி ஊத்தி உள்ளே சீழ் கட்டிப் போச்சு."

"பொழைக்குமா டாக்டர்?" என்றான் சுந்தர்சிங்.

"பொழைச்சிடும். இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா சொல்லியிருக்க முடியாது. இந்தப் பக்கம் காது கேக்காது, தலையும் கொஞ்சம் சாய்ஞ்சேதான் இருக்கும். பத்து நாள் ஊசி. காதுல நான் எழுதறதைத் தவிர ஒரு சொட்டுக்கூட ஊத்தக்கூடாது."

மேசையில் உட்கார்ந்து சீட்டை எடுத்தாள். எழுதிக்கொண்டே கேட்டாள்: "இவ்வளவு நாள் யார் வைத்தியம் பாத்தது?"

சுந்தர்சிங் முந்திக்கொண்டான். "ஊர்ல ஒருத்தரு..." என்று ஆரம்பித்தான்.

இயேசுதாசன் ஒரு கையை நாயின் முதுகிலேயே வைத்துக்கொண்டு மற்றக் கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார், வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பிள்ளைகள் தூக்குவதைப் போல. டாக்டர் எழுத்திலிருந்து தலை நிமிரவில்லை. அவர் மகனைப் பார்த்தபடி, கையை இறக்காமல் நின்றார்.