செனைதா நடுவழியில் இறங்குவாள்

சுரங்க ரயில் நிலையத்துப் பளிங்குத் தூணில் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கி, எச்சில் தொட்ட விரலால் ஓர் இடத்தைத் தேய்க்கிறாள் செனைதா. ஈரம் பட்டதும் கல்லுக்குள் ஒரு சங்குச் சுருள் தெளிந்து வருகிறது. "பாருடி, இது உசுரோட இருந்தப்ப மெக்சிகோவே கிடையாது, வெறும் கடல்தான்!" என்று கூவுகிறாள். பின்னால் வருகிறவர்கள் அவளை இடித்துக்கொண்டு போகிறார்கள். அவளுக்கு உறைக்காது.

நாங்கள் இருவரும் ஒரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறோம். நான் பிரேம் பொருத்துவேன், அவள் லென்ஸ் தேய்ப்பாள். அவளுக்கு வயது நாற்பத்தாறு. காலையில் அவள் கையில் ரொட்டியைப் பிளந்து சோளக் கொழுக்கட்டை வைத்த பொட்டலம் இருக்கும். வாய் ஓயாததால் பாதிதான் தின்றிருப்பாள். சுரங்க ரயிலில் இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டாள், கதவருகே நிற்பாள். நல்ல சுவர் கண்ணில் பட்டால் அங்கேயே இறங்கிவிடுவாள். லா ராசா நிலையத்து நடைபாதையில் கூரை முழுக்க நட்சத்திரம் மின்னும். அதை அண்ணாந்து பார்த்தபடி நடந்து ஒரு கன்னியாஸ்திரி மேல் மோதி, "மன்னிச்சுக்கங்க மதர், வானத்தைப் பாத்துட்டு வந்தேன்" என்றாளாம். அந்த அம்மாளும் நின்று அண்ணாந்து பார்த்தாராம். நான் நம்பித்தான் ஆகவேண்டும். செனைதாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

அதுதான் வினை. தாமதமானால் நாங்கள் எல்லோரும் "ரயில் நின்னுபோச்சு" என்போம். அவளோ முதலாளி தோன் எலாதியோவிடம், "பினோ சுவாரெஸ் ஸ்டேஷனுக்குள்ள இருக்கற அந்தக் காலத்துக் காத்துசாமி பலிபீடத்து மேல வெயில் விழுந்திருந்துச்சு, விட்டுட்டு வர மனசே வரல" என்பாள். போன மாதம் இரண்டு முறை இப்படி ஆயிற்று. "மூணாவது தடவை லேட்டா வந்தா அப்படியே வேற கடை பாத்துக்க" என்றார் அவர். வீட்டில் இவள் சம்பளம் ஒன்றுதான். அன்றிலிருந்து ரயிலில் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். நிஜமாகவே மூடிக்கொண்டுதான். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். செனைதாவின் கண் மூன்று வாரம் சும்மா இருந்தது.

நகரத்துப் புகையைக் குறைக்க, வியாழக்கிழமைகளில் தோன் எலாதியோவின் வண்டி எண்ணுக்குச் சாலையில் அனுமதியில்லை. அன்று அவரும் ரயில்தான். நேற்று பெண்கள் பெட்டியில் கால் வைக்க இடமில்லாமல் நாங்கள் பொதுப் பெட்டியில் ஏற, அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். கைக்கடிகாரத்தைக் காட்டி, "எட்டு அம்பத்திரெண்டு. ஒம்பது மணிக் கடைக்கு இன்னிக்கு நேரத்துக்குப் போயிருவ போலிருக்கே!" என்று சிரித்தார்.

"கண்ணையே தொறக்க மாட்டேன், தோன் எலாதியோ. அந்தக் கன்னிமரியா மேல சத்தியம்!"

கடைக்கு ஒரு நிலையம் முன்னால், பதினோரு மாதமாகப் பலகை அடித்து ஒரு சுவரை மறைத்து வைத்திருந்தார்கள். கதவு திறந்ததும் யாரோ "அடேயப்பா!" என்றார்கள். செனைதா கண்ணைத் திறந்தாள். பலகைகளைக் காணோம். தரையிலிருந்து கூரை வரை பீங்கான் ஓடுகளில் ஆயிரக்கணக்கான செண்டுமல்லி, ஆரஞ்சும் மஞ்சளுமாகச் சுவரே பற்றி எரிவது போல. நானே அண்ணாந்து பார்த்தேன்.

"வேணாண்டி, வேலை போயிரும்!" என்று அவள் முழங்கையைப் பிடித்தேன்.

கதவு மூடும் மணி ஒலித்தது. செனைதா சுவரைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். என் கையை உதறினாள். தோன் எலாதியோவின் டையைக் கெட்டியாகப் பிடித்து, அவரையும் இழுத்துக்கொண்டு வெளியே குதித்தாள்.