சாம்பல் ஈ சொல்லாத நாள்

மழையில் நனைந்த கருவாட்டின் வாடை காற்றில் வந்தால் எனக்கு முதலில் கேட்பது ஒரு பெண்ணின் சிரிப்பு. அதற்குப் பின்னால்தான் ஈக்களின் இரைச்சல்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள். வன்னியிலிருந்து வந்து கற்பிட்டிப் பக்கம் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். படங்களைப் பார்த்து ஈக்களை இனம்பிரிப்பது என் கிறுக்கு. செட்டை நரம்பின் வளைவு, முதுகின் கோடு, கண்ணின் நிறம். வன்னியில் ஈ மொய்த்த உடல்களை நான் உற்றுப் பார்க்காமல் நடந்தவன். அந்தக் கடனோ என்னவோ, பிறகு ஈயை மட்டுமே பார்த்தேன்.

கருவாட்டு வாடிக் கொட்டிலில் மீன் கீறுகிற அவள், மன்னாரிலிருந்து கைக்குழந்தையாய் இடம்பெயர்ந்து வந்தவள். என் கிறுக்கைக் கேள்விப்பட்டு, மீனில் குந்துவதையெல்லாம் போனில் படம் பிடித்து அனுப்புவாள்.

“சேர், இந்தப் பச்சை மினுக்கிக்கு என்ன பேர்? புது மாப்பிள்ளை மாதிரி வந்து குந்தியிருக்கு.”

பெயர் சொல்வேன். இந்த ஈக்கள் நடுக்கடலில் இல்லை, மீனுக்குப் புழு கரையில்தான் வருகிறது என்றும் ஒருநாள் சொன்னேன்.

“அப்ப கருவாட்ட நடுக்கடல்ல காயப்போடுவம், சேர்!”

அந்தச் சிரிப்புத்தான்.

பிறகு அவள் கணவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மூன்றாம் நாள் காற்று மாறியது. தேடப் போனவர்களையும் கடல் கொண்டுபோய்விடுமோ என்று பயந்து, “போதும், திரும்புங்க” என்று சொன்னவள் அவளேதான். ஒன்பதாம் நாள், நுரைச்சோலை அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரிகிற மணலில் அவன் ஒதுங்கிக் கிடந்தான்.

நான் போனபோது அவள் இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்த நாளிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கவேண்டும். எங்களுக்கிடையில் ஒரு சீலைத்திரை. அவளுடைய நானா, மூத்த சகோதரர், போனை என்னிடம் நீட்டினார். மய்யித்தை அடையாளம் காட்டப் போனபோது அவர் எடுத்த படம்.

“நான் முகத்தப் பாக்கல்ல, சேர்,” திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. “நீங்களும் ஈய மட்டும் பாருங்க. எந்த நாள் மௌத்தானார்? நான் போதும் எண்டு சொல்லக்குள்ள உசிரோட இருந்தாரா?”

படத்தைப் பெரிதாக்கினேன். சாம்பல் ஈக்கள், முதுகில் மூன்று கறுப்புக் கோடு. குருணியளவு புழுக்கள். கரை ஒதுங்கி ஒரு நாளிருக்கும். அதற்கு முந்திய நாட்களைப் பற்றி அந்தப் படத்தில் ஒன்றுமே இல்லை.

“முதல் நாளே முடிஞ்சிட்டுது,” என்றேன். “ஈயைப் பாக்க வடிவாத் தெரியுது.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் நானா. “கேட்டியா?”

நான் எழுந்து, வாசலில் செருப்பைக் காலால் தேடினேன்.

“சேர்,” என்றாள். “நடுக்கடல்ல ஈ இல்ல எண்டு நீங்கதானே சொன்னீங்க.” பிறகு, “சரி, போயிட்டு வாங்க. இத்தாவ நான் அடக்கின நாள்ல இருந்தே எண்ணுறன்.”