நடுவில் இருந்தவரை நீக்கினேன்

என் மாமா சொல்லாத ஒன்றை அவர் வாயாலேயே சொன்னதாக, பதினோரு வயதில் நான் பொய் சொன்னேன். அதனால் அவருக்கு வேலையும் போயிற்று, ஊரும் போயிற்று.

அம்மாவின் தம்பியான அவர் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தார். சம்பளத்துக்குப் பதிலாகப் பள்ளிவாசலின் மூன்று மா நிலத்தை உழுது சாப்பிட்டார். என் தகப்பனார், எங்கள் அத்தா, பள்ளிவாசலின் நிர்வாகி. உழுகிறவர் குத்தகைதாரராகத் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்த நேரம் அது. பதிந்துவிட்டால் அவரை நிலத்தைவிட்டுக் கிளப்ப முடியாது என்று, நிலம் வைத்திருந்த வீடுகளில் எல்லாம் பயம். உழுகிறவர் பக்கம் நின்ற கட்சியின் கொடி கட்டிய சைக்கிள் தெருவுக்குள் நுழைந்தாலே அத்தா எட்டிப் பார்ப்பார். பதிவு நடக்கும் ஆபீஸ் இருந்த கும்பகோணத்துக்கு மாமா போய்வந்தால் எதற்கு என்று அம்மாவைத் துருவுவார். ஓதிக்கொடுக்கிற புத்தகம், கிதாபு, வாங்கத்தான் என்றால், "கிதாபு மட்டுந்தானா?" என்பார்.

மாமா எங்களுக்கு நபித்தோழர்களின் செய்திகளைச் சொல்லிக்கொடுத்தார். நபியோடு வாழ்ந்த அவர்கள் கண்டதும் செய்ததும் இல்லாவிட்டால் மார்க்கத்தில் பலதும் நமக்கு விளங்கியிருக்காது என்பார். ஆனால் தோழர் சொன்னதைத் தோழர் பெயரில்தான் சொல்ல வேண்டும். ஒருநாள் நான் ஒரு தோழரின் சொல்லை நபி சொன்னதாக ஒப்பித்துவிட்டேன்.

"ஏன் மருமவனே, சொன்னவங்க பேரச் சொல்ல ஒனக்குக் கூச்சமா இருக்கா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அன்றைக்கே அவர் இன்னொன்றும் சொன்னார். எல்லோரும் நம்பகமானவர்களாக இருந்தால், ஒரு செய்தி நம்மை வந்து சேர நடுவில் எத்தனை ஆள் குறைவோ, அத்தனை மதிப்பு அதற்கு. முதல் பாதியை விட்டுவிட்டு, இரண்டாம் பாதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் எங்கள் வண்டிக்காரர் வைக்கோல் இறக்கிக்கொண்டே கேட்டார். "ஒங்க மாமா நெலத்தப் பதியப் போறாராமுல்ல, தம்பி?"

அவரும் யாரிடமோ கேட்டதுதான். நான் போய் அத்தாவிடம் சொன்னேன். "யாரு சொன்னா?" என்றார். வண்டிக்காரர் என்றால் "போடா" என்றிருப்பார். வண்டிக்காரரையும், 'போறாராம்' என்று அவர் சொன்னதில் இருந்த அந்த 'ஆம்' என்பதையும் சேர்த்தே நீக்கினேன்.

"மாமாவேதான் எங்கிட்ட சொன்னாங்க. பதியப் போறேன்னாங்க."

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு ஊர்ப் பெரியவர்களின் ஜமாஅத் கூடியது. என்னை நிறுத்திக் கேட்டார்கள். அதையே சொன்னேன். அத்தா மாமாவிடம் திரும்பினார். "என்ன மச்சான், புள்ள பொய் சொல்லுதா?"

மாமா என்னைப் பார்த்தார். "நெலத்த எடுத்துக்குங்க. புள்ளைய விடுங்க" என்றார்.

"பாத்தீங்களா? இல்லேன்னு சொல்ல வாய் வரல" என்றார் யாரோ. நானும் அப்படித்தான் நினைத்தேன். அவருக்கு உண்மையிலேயே அந்த எண்ணம் இருந்திருக்கிறது, தெரியாமல் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன். கதிர் முற்றும் முன்பே மாமா பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் காவல் வேலைக்குப் போனார். அவர் நட்டதைப் பள்ளிவாசல் அறுத்தது.

கல்லூரியில் சரித்திரம் கற்பித்து ஓய்வுபெற்ற பிறகுதான் அவரைத் தேடிப் போகத் துணிந்தேன். கயிற்றுக்கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்டா. அன்னிக்கி சாயந்தரமே வண்டிக்காரரு வந்து அழுதாரு."

"அப்ப ஏன் மாமா இல்லேன்னு சொல்லல?"

"பொய்யன்னு பேரு விழுந்துட்டா, அவன் சொல்றத அப்புறம் ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. நான் படிச்ச படிப்பே அதுதானே. பதினோரு வயசுல அந்தப் பேர ஒனக்கு நானா வைக்கிறது?"

அவர் மறுக்காமல் நின்றது என் பெயருக்காக என்பது அந்தப் பையனுக்குப் புரியவில்லை. அவன் வளர்ந்து படித்துப் பட்டம் வாங்கிய பிறகும் புரியவில்லை.

ஊருக்குத் திரும்பி, நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமை ஜமாஅத் முன்னால் நானே படித்தேன். மாமாவை நினைவிருந்தவர்கள் இரண்டு பேர் தலை குனிந்தார்கள். இப்போதைய ஜமாஅத் செயலாளர் சின்ன வயதுக்காரர். தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இத எதுக்கு இப்பப் படிக்கிறீங்க, பெரியவரே? ஒங்க மாமா புள்ளைங்க நெலத்துக்குக் கேஸ் போடப் போறாங்களா?"

"இல்லப்பா. அவரு மேல தப்பு இல்லேன்னு சொல்லத்தான் வந்தேன்."

"சரி சரி, பாப்போம்" என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அடுத்த வாரம் பள்ளிவாசல்காரர்கள் அந்த மூன்று மா நிலத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள்.