பத்து நிமிடக் கெடு

சென்னையில் என் வேலைக்கு ஆர்க்கிடெக்ட் என்று பெயர். கல்லையும் மண்ணையும் தொடாமல் மென்பொருளுக்கு வரைபடம் போடுகிறவன். அந்தத் திமிரில்தான், பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் மீன் ஏலக் கொட்டகை கட்டிய இஞ்சினியரை வருஷக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தேன். ரோட்டுக்கு வாசல், ஏரிக்கு முதுகு. தலையில் கூடையோடு கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு யார் வருவார்கள்? ஏலம் இன்றும் மணலில்தான் நடக்கிறது.

எங்கள் ஏரியில் நல்ல இடங்களில் வலை போட முறை உண்டு. இன்று இவர், நாளை அவர். அதைப் பாடு என்போம். முந்தின நாள் காலையில் கரையில் நின்று பெயர் கூப்பிடுவார்கள். ஆள் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் யாராவது ‘வருவாரு’ என்று குரல் கொடுத்தால் போதும், முறை நிற்கும். எனக்கு அது ஒழுங்கில்லாத வேலையாகப் பட்டது. ஊரைச் சம்மதிக்கவைத்து ஒரு செயலி எழுதினேன். முறை வந்தவரின் போனுக்குச் செய்தி போகும். பத்து நிமிடத்துக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். கச்சிதமாக இருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டேன்.

மழை விட்டு இறால் நன்றாகப் படும் சமயத்தில் அப்பாவின் முறை வந்தது. எங்கள் வீட்டில் அவர் நைனா. செய்தி வந்தபோது நைனா மார்பளவு தண்ணீரில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு இருப்பது ஒரே போன். அது மீன் விற்கப் போன அம்மாவின் பையில், மார்க்கெட் இரைச்சலில் கிடந்தது. முறை அடுத்த வீட்டுக்காரருக்குப் போய்விட்டது.

இதெல்லாம் எனக்குத் தெரியாததா? அந்த வீட்டில் வளர்ந்தவன்தானே நான். வரையும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இனி அந்த இஞ்சினியரை எந்த வாயால் திட்டுவது? என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அன்று மாலையே ஊருக்கு ஓடினேன். அடுத்த வீட்டுக்காரர் தாமாகவே வந்து, முறையைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். நைனா தலையை ஆட்டினால் முடிந்தது. ஆட்டவில்லை. நானும் கெஞ்சிப் பார்த்தேன்.

“நீ போட்ட சட்டம். இத்த நானே தாண்டுனா, ஊர்ல எவன் உன்ன மதிப்பான்?” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பத்து நிமிடக் கெடுவை ராத்திரி வரை என்று மாற்றினேன். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இறால் இருக்கும் நாட்களுக்குள் நைனாவின் முறை மறுபடி வராது. மறுநாள் விடிந்ததும் அடுத்த வீட்டுப் படகு அவருடைய இடத்துக்குக் கிளம்பியது. சேற்றில் சிக்கி நின்ற அதை, நைனாதான் இறங்கித் தள்ளிவிட்டார்.