விலா எலும்போடு நின்ற கண்

அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டரை எல்லோரும் மின்னல் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபப்பட மாட்டாள். உள்ளுக்குள் குளிர்ந்துகூடப் போவாள். பின்னே, மற்றவர்கள் இருபது படம் முடிப்பதற்குள் அவள் நாற்பதை முடித்துவிட்டு டீக்கு எழுந்துவிடுவாளே!

ஆனால் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால், காலையில் ரொம்ப வேகமாக முடித்த பத்துப் படங்களை மறுபடி திறப்பாள். தான் எழுதியதைப் படிக்காமல் புதிதாகப் பார்ப்பாள். அன்றைக்கென்று பார்த்து நூறு படம் காத்துக்கிடந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க மேடம், உயிரா போயிடும்?" என்றார் படம் எடுக்கிறவர்.

அவளுக்கும் விடத்தான் ஆசை. பசி வேறு. சரி, அஞ்சே அஞ்சு என்று உட்கார்ந்தாள்.

மூன்றாவது படம் ஒரு பஸ் டிரைவருடையது. படியில் வழுக்கி விழுந்தவர். விலா எலும்பில் முறிவு. காலையில் பன்னிரண்டே நொடியில் அதைக் கண்டுபிடித்து, தன்னைத்தானே மெச்சிக்கொண்டு அடுத்ததற்குத் தாவியிருந்தாள். இப்போது பார்த்தால், நுரையீரலின் உச்சியில், தோள் பக்கத்து எலும்புக்குப் பின்னால், பட்டாணி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அடக் கடவுளே! ஒன்று கிடைத்ததும் கண் திருப்தியாகி நின்றுவிட்டது. இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த தப்பு. தெரிந்திருந்தும் செய்கிற தப்பு.

தானே போன் போட்டு வரச்சொன்னாள். டிரைவர் மனைவியோடு வந்தார்.

"காலைல உங்க படத்தை நான்தான் பார்த்தேன். அவசரத்துல ஒண்ணை விட்டுட்டேன். அது புற்றுநோயா இருக்கலாம்."

"அது எப்படிம்மா விடுவீங்க?" என்று வெடித்தாள் மனைவி.

டாக்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சும்மா இரு. சொல்லாமலே இருந்திருக்கலாம்ல அவங்க?" என்றார் டிரைவர்.

புற்றுதான். ஆனால் பரவாமல் இருந்தது, வெட்டி எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மின்னல் ஒரு காலைக்கு முப்பது படத்தைத் தாண்டுவதில்லை. தலைமை டாக்டர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்!

ஆறு மாதம் கழித்து டிரைவருக்கு மறுபடி படம் எடுத்தார்கள். மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். "மெதுவாவே பாருங்க டாக்டர். எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல."

உச்சியிலிருந்து அடிவரை, எலும்புகளுக்குப் பின்னால், இதயத்துக்குப் பின்னால் என்று ஆறு நிமிஷம் பார்த்தாள். பிறகு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"ஒண்ணுமே இல்லைம்மா."

அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்தாள். வெகுநேரம் விடவேயில்லை.