தோல் கம்பெனிச் சங்கும் சல்லடை பாயும்

அத்தாவுல்லா பேச ஆரம்பித்தால் பட்டறையில் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். முப்பது வயது, அகலமான தோள், எப்போதும் பெல்பாட்டம். பல்லாவரத்திலிருந்து சைக்கிளில் வருவார். செயினில் சிக்காமலிருக்க பேன்ட்டின் இரண்டு கால்களிலும் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டியிருப்பார். அதைக் கழற்ற மறந்து நாள் முழுக்க அப்படியே நடமாடுவார்.

"அண்ணா, கிளிப்பு."

"இருக்கட்டும்டா டிகிரி. இதான் இப்போ ஃபேஷன்."

டிகிரி என்பது நான். பெயர் ஜெபசீலன். தாம்பரத்தில் இயற்பியல் படித்து பட்டம் வாங்கினேன்; எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அப்பா ஞானையா தோல் கம்பெனியில் டிரம் சுற்றுகிற இடத்தில் வேலை பார்க்கிறார். நல்ல வேலை கிடைக்கும் வரை என்று சொல்லிக்கொண்டு, குரோம்பேட்டையில் வேதசிரோமணி சாரின் வண்டி பாடி கட்டும் பட்டறையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். பில் எழுதாத நேரத்தில் வேலைக்கு மனு எழுதினேன். நான் படித்தது எதற்கு என்ற கேள்வி அந்த மேஜையில் என்னோடு உட்கார்ந்தே இருந்தது.

அத்தாவுல்லா அதற்கு முன் துறைமுகத்தில் இருந்தவர். விரல் தடிமன் இரும்புத் தகடுகளைப் படகுக்குப் படகு ஒட்டியவர். நிரந்தர வேலை. தீவுத்திடலில் நடந்த ஒரு கண்காட்சியில் புதுவகை வெல்டிங் மிஷின் ஒன்றைப் பார்த்தாராம். கையில் பிடித்திருக்கிற டார்ச்சின் விசையை அழுத்தினால் கம்பி தானாக வெளியே வந்து உருகுகிறது. அதைச் சுற்றி ஒரு வாயு வந்து காற்றுப் படாமல் காக்கிறது. கேட்லாக்கில் அதற்கு மிக் வெல்டிங் என்று பெயர். எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் அது, அந்த வாயுவின் பெயரால், சிஓடூ மிஷின்.

"கம்பி தானா வருதுடா டிகிரி! ராடு மாத்த வேணாம், ஒண்ணும் வேணாம். அமுக்கிகினே இரு, அது பாட்டுக்கு வந்துகினே கீது. அன்னிக்கி ராத்திரி எனக்குத் தூக்கமே வரல."

1974-இல் வேதசிரோமணி சார் அந்த மிஷினைச் சோதனைக்காக வாங்கி வைக்கிறார் என்று கேள்விப்பட்டதும், துறைமுக வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். அவருடைய மனைவி நஃபீசா வீட்டில் யாரும் அவரோடு ஒரு மாதம் பேசவில்லையாம். எங்களுக்கு அப்போது ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆறு ஆம்புலன்ஸ் வண்டிக்கு பாடி கட்டும் ஆர்டர் வரவிருந்தது. முதல் வண்டியின் கூரையை ஆஸ்பத்திரி இன்ஜினியர் பார்த்துச் சரி என்றால் ஆர்டர் உறுதி, மிஷினும் நிற்கும். இல்லையென்றால் மிஷின் திரும்பிப் போகும்.

"மிஷின் போனா நானும் அதோட லாரியில ஏறிடறேன் சார்" என்று அத்தாவுல்லா சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

கூரைத் தகடு இருபது கேஜ். ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அதுவரை எங்கள் பட்டறையில் அதைக் கேஸ் வெல்டிங்கில் ஒட்டியவர் சவுரிமுத்து. கேஸ் சூட்டில் தகடு அப்பளம் போல வளைந்துவிடும்; பிறகு நாள் கணக்கில் சுத்தியால் தட்டி, பட்டி பூசித் தேய்க்க வேண்டும். சிஓடூவில் அந்த வளைவு கிடையாது. ஆனால் கை ஒரு நொடி தங்கினாலும் தகடு உருகிக் கீழே சொட்டிவிடும். ஒட்ட வேண்டிய இடத்தில் விரல் நுழைகிற ஓட்டை இருக்கும்.

முதல் வாரம் அத்தாவுல்லா துறைமுகத்துக் கையோடு டார்ச்சைப் பிடித்தார். நிறுத்தி நிதானமாக இழுத்தார். தகடெல்லாம் ஓட்டை. சவுரிமுத்து ஒரு தகட்டைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்து, அதன் வழியாக எல்லோரையும் பார்த்தார்.

"இன்னா பாய், கப்பல் ஓட்டிகினு வந்தே, இப்போ சல்லட செய்றியா? பச்சையம்மா, மாவு சலிக்க ஒண்ணு வேணுமா?"

டீ கொண்டுவரும் பச்சையம்மா, "ரெண்டு எடுத்து வையி" என்றாள். அன்றிலிருந்து அவர் சல்லடை பாய்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கழித்துப்போட்ட துண்டுத் தகடுகளை அள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விசையை அழுத்தி உடனே விடுவது. ஒரு பொட்டு வைத்துவிட்டுத் தகட்டின் அந்தக் கோடிக்குப் போய் இன்னொரு பொட்டு. பிறகு நடுவில் ஒன்று. முதல் பொட்டு ஆறிய பிறகுதான் அதன் பக்கத்துக்கே வருவது. பின்னால் செம்புப் பட்டை ஒன்றை அழுத்திப் பிடித்தால் அது சூட்டை வாங்கிக்கொள்ளும் என்றும் கண்டுபிடித்தார். கண்ணை விடக் காதால்தான் வேலை செய்தார். சரியாகப் போனால் எண்ணெயில் வடாம் பொரிகிற சத்தம் வரும். அது 'உஸ்' என்று மாறினால் முடிந்தது.

அடுத்த வாரத்தில் பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாயின. ஒரு காலையில் முழ நீளக் கோடு ஒன்றை ஓட்டையே இல்லாமல் போட்டுவிட்டு, கண்ணாடி முகமூடியைத் தூக்கி வீசி, கிளிப்போடு ஆடினார். நானும் மேஜையை விட்டு எழுந்து ஓடி வந்து கைதட்டினேன். அந்தப் பட்டறையில் நான் பில்லை மறந்த முதல் தடவை அது.

ஆனால் மத்தியானத்தில் ஓட்டை விழுந்தது. அதே கை, அதே கம்பி, அதே தகடு. காலையில் வடாம் பொரிந்த இடத்தில் உஸ் என்றது. மறுநாளும் அப்படியே. சிறிது நேரம் கழித்துத் தானாகவே சரியாகிவிடும். டார்ச்சைக் கழற்றிப் பார்த்தார், கம்பியை மாற்றினார். பசியில் கை நடுங்குகிறது என்று வேதசிரோமணி சார் சொல்ல, பத்து மணிக்கே சாப்பிட்டும் பார்த்தார். பச்சையம்மா திருஷ்டி என்றாள். ஒரு எலுமிச்சம்பழத்தையும் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

இதில் ஒரு விசித்திரம், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஓட்டை விழுவதே இல்லை. முதலில் கவனித்தவர் சவுரிமுத்துதான்.

"வெள்ளிக்கெழமன்னா பாய்க்கு மேலேர்ந்து ஆள் வருதுப்பா. மத்த நாள்ல நம்மளதான் பட்டி பூச வுட்டுர்றாரு."

வேதசிரோமணி சார் தன் சபையில் மூப்பர். அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். "எனக்கு சன்டே, அத்தாவுல்லாவுக்கு ஃபிரைடே. அதுல என்ன இருக்கு?" என்று சொல்லி, இன்ஜினியரை வெள்ளிக்கிழமை காலையில் வரச் சொல்லிவிட்டார்.

அந்த வாரப் புதன்கிழமை கூரையின் நடு மூட்டில் கையகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அத்தாவுல்லா சிரிக்காமல் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். "டிகிரி, திரும்பிப் போனா துறைமுகத்துல சேத்துக்க மாட்டாங்கடா" என்றார், தகட்டைப் பார்த்தபடி. ஓம் விதியைப் பற்றி மூன்று வருடம் பரீட்சை எழுதியவன் நான். அது இந்தப் பட்டறைக்குள் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை எனக்கு வந்தது. தோல் கம்பெனி எங்கள் பட்டறைக்குப் பின்பக்கத் தெருவிலேயே இருந்தும், படிக்க ஆரம்பித்த பிறகு நான் அங்கே போனதில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால் வாசனை என்று சொல்லியிருப்பேன். அது முழு உண்மையில்லை.

நான் ஷெட்டுக்குள் நுழைந்தபோது ஆளுயரத்துக்கு மேலான மர டிரம்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. உள்ளே தோலும் தண்ணீரும் புரளும் சத்தத்தில் அப்பா சொன்னது கேட்கவில்லை. அப்போது மத்தியானச் சங்கு ஊதியது. டிரம்கள் ஒவ்வொன்றாக நின்றன. அப்பா கை கழுவிக்கொண்டு வந்தார்.

எங்கள் தலைக்கு மேல் மஞ்சளாக முனகிக்கொண்டிருந்த பல்பு பளிச்சென்று வெள்ளையானது.

"என்னப்பா இது?"

"அதுவா? தெனிக்கும் இப்டிதான். டிரம்மு நின்னா பல்பு முழிச்சிக்கும். சோத்தப் போடு."

நான் சோற்றைப் போடவில்லை. என் மேஜைக்கு மேல் இருக்கும் மின்விசிறி கண்முன் வந்தது. தினமும் மத்தியானத்தில் அதற்கு வேகம் பிடித்து என் மனுக்களெல்லாம் பறக்கும். அவை பறக்காமலிருக்கப் பழைய பேரிங் ஒன்றை எடுத்து மேலே வைத்துக்கொண்டவன் நான்! டிரம் நின்றால் கரண்ட் எங்களுக்கு அதிகமாக வருகிறது. காலையில் சோர்ந்த கரண்டுக்கு ஏற்றபடி வைத்த மிஷின் திடீரென்று கொதிக்கிறது. வெள்ளிக்கிழமை சங்கு ஊதும்போது அத்தாவுல்லா பட்டறையிலேயே இல்லை. தொழுகைக்குப் போயிருக்கிறார்!

"அப்பா, நீங்களே போட்டுக்குங்க" என்று தூக்குச்சட்டியை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன். "இன்னாடா, வூட்டுல இன்னா ஆச்சு?" என்று அவர் பின்னாலேயே கத்தினார்.

மூச்சு வாங்க நான் சொன்னதை அத்தாவுல்லா முகமூடியைத் தூக்காமலே கேட்டார். பிறகு தூக்கினார்.

"அப்போ வெள்ளிக்கெழம அல்லா காப்பாத்தலையா?"

"நீங்க தொழுகைக்குப் போனதால..."

"போனதாலதானே தப்பிச்சேன்? அப்போ காப்பாத்துனதுதானேடா!" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

டிரம்கள் திரும்பச் சுற்றுவதற்குள் சோதித்துப் பார்த்தோம். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கரண்டைக் கூட்டிக் குறைக்கும் மிஷின் திருகை அவர் ஒரு படி இறக்கினார். டார்ச்சின் முனையைத் தகட்டிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பொட்டை இன்னும் சின்னதாக்கினார். வடாம் பொரிந்தது. ஓட்டையான கூரையை அன்றே கழற்றிப் போட்டுவிட்டுப் புதுத் தகட்டை ஏற்றினார்கள். இருட்டுவதற்குள் ஒரு மூட்டு தவிர எல்லாம் முடிந்தது. அந்த ஒன்றை இன்ஜினியர் கண்ணெதிரே போடுவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை முழுவதும் அவருக்காகக் காத்திருந்தோம். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு அவர் வந்து இறங்கியபோது சங்கு ஊத ஐந்து நிமிடம்கூட இல்லை.

"சார், ஒரு கப் டீ சாப்பிட்டுட்டு..." என்று வேதசிரோமணி சார் இழுத்தார்.

"நோ நோ. எனக்கு மீனம்பாக்கத்துல ஃபிளைட். இப்பவே காட்டுங்க."

கூரைக்கு உள்பக்கமிருந்து செம்புப் பட்டையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். யாரும் எதிர்பார்க்காமல் சவுரிமுத்து வண்டிக்குள் ஏறினார்.

"ஏ சல்லட, என் கையச் சுட்டே, மவனே, உன் மீசையில கேஸ் அடிச்சிடுவேன்."

"பட்டைய நல்லா அமுக்கு மச்சான். மீசைய அப்பறம் பாக்கலாம்."

அத்தாவுல்லா ஆரம்பித்தார். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒன்று, நடுவில் ஒன்று. நான் என் அறை ஜன்னலில் நின்று மின்விசிறியைப் பார்த்தேன். பேரிங்கை எடுத்துவிட்டு ஒரே ஒரு காகிதத்தை மேஜையில் வைத்திருந்தேன். சங்கு ஊதியது. காகிதம் படபடத்தது, எழும்பியது, பறந்தது.

"அண்ணா!" என்று கையைத் தூக்கினேன்.

பொரிகிற சத்தம் உஸ் என்று மாறத் தொடங்கிய அதே கணத்தில் அவர் விசையை விட்டார். திருகு ஒரு படி இறங்கியது. ஒரு மூச்சு. மறுபடியும் பொரிந்தது. அந்த மூட்டு முடியும் வரை வேதசிரோமணி சார் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இன்ஜினியர் மூட்டைத் தடவிப் பார்த்தார். "பார்க்க நல்லா இருக்கு. தண்ணி ஊத்திப் பார்க்கணும். யாராவது உள்ள உக்காரட்டும்."

கண்ணாடி போடாத ஜன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டினோம். அதற்குள் அத்தாவுல்லா முகம் கழுவி, தொழுகைக்குப் போக வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கைலியும் மாற்றிக்கொண்டு சைக்கிளை எடுத்தவர், நின்றார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வண்டிக்குள் ஏறிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

"யோவ், வெள்ளச் சட்டைய்யா!" என்றார் சவுரிமுத்து.

ஏணியில் நின்று குடம் குடமாகக் கூரையில் ஊற்றினார்கள். தண்ணீர் நான்கு பக்கமும் வழிந்தது.

"அண்ணா, தண்ணி வருதா?" என்று கத்தினேன்.

"வரல. தாகமா கீது, கொஞ்சம் வரச் சொல்லு!"

கதவைத் திறந்ததும் அவர் குதித்து இறங்கி முதுகைக் காட்டினார். சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. இன்ஜினியரின் முகம் சுருங்கியது. சவுரிமுத்து முன்னால் போய் அந்த ஈரத்தைத் தொட்டார், குனிந்து மோந்து பார்த்தார்.

"வேர்வ சார்! கொழாத் தண்ணி இப்டியா நாறும்?"

இன்ஜினியர் முதல் தடவையாகச் சிரித்தார். உள்ளே ஏறிக் கூரையைக் கையால் தடவினார். காய்ந்த கையை எங்களிடம் காட்டினார். ஆறு வண்டியும் இங்கேயே என்றார். வேதசிரோமணி சார் "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அத்தாவுல்லாவைக் கட்டிக்கொள்ளப் போனார். அத்தாவுல்லா அதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டார். "நேரமாச்சு சார், அப்பறம் கட்டிக்கலாம்!" என்ற குரல்தான் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து வந்தது.

இது நடந்து மூன்று வருடமாகிறது. மிஷின் அங்கேயே நிற்கிறது. பக்கத்தில் இன்னொன்றும் வந்திருக்கிறது. அதைச் சவுரிமுத்து ஓட்டுகிறார். நான் இன்னும் பில்தான் எழுதுகிறேன், மனுவும் எழுதுகிறேன். ஆனால் சில நாட்கள் அப்பாவுக்கு நானே சாப்பாடு கொண்டுபோகிறேன்.

போகாத நாட்களில் மத்தியானச் சங்கு ஊதும்போது அத்தாவுல்லா தலையைத் தூக்காமலே திருகை ஒரு படி இறக்குவார். என் அறைப் பக்கம் திரும்பி, கிரைண்டரை மிஞ்சிக் கத்துவார்:

"டிகிரி! உங்கப்பா சாப்ட உக்காந்துட்டாருடா!"