உப்பில்லாத டிபன் பாக்ஸ்

எங்கள் ஆசிரியர் அறை அலமாரியின் மேல்தட்டில், சாக்பீஸ் டப்பாக்களுக்கும் பழைய வினாத்தாள் கட்டுகளுக்கும் நடுவில், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இருக்கிறது. மூடியின் ஓரம் கொஞ்சம் நெளிந்திருக்கும். கணக்கு டீச்சர் மாறுதலாகிப் போனபோது மறந்துவிட்டுப் போனது. பெருக்க வருகிற அக்கா மற்ற சாமான்களை எல்லாம் இழுத்துப் போட்டு வைப்பாள், அதை மட்டும் முந்தானையால் துடைத்து அதே இடத்தில் வைப்பாள். நான் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் தலை நரைத்தேன். என் குடையை என்றைக்காவது ஒருத்தி பத்திரமாக எடுத்து வைத்திருப்பாளா? மழை வந்தால் கேட்காமல் எடுத்துக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். அந்த டப்பா கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மழுப்புவானேன், பொறாமைதான்.

நான் மரக்காணத்திலேயே பிறந்து வளர்ந்தவள். பிள்ளைகளுக்குத் தமிழம்மா. நான் வராந்தாவில் நடந்தால் வகுப்பு அடங்கிவிடும், அதில் எனக்குப் பெருமை உண்டு. கணக்கு டீச்சர் என்னைவிட வயதில் சின்னவர், பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். குரல் எழும்பவே எழும்பாது. ஆனால் பஸ் வந்து நின்றதும் பையை வாங்கிக்கொள்ள நாலு பேர் ஓடுவார்கள். சொந்த ஊர்க்காரி நான், என் பையை நானேதான் தூக்கினேன். அவருக்கு ரத்த அழுத்தம் இருந்ததால் சாப்பாட்டில் உப்பே சேர்க்க மாட்டார். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பளம். சட்டையில் உப்பு, சைக்கிள் கம்பியில் உப்பு. இங்கே வந்து ஒருத்தர் உப்பில்லாமல் சாப்பிடுகிறார் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய வேடிக்கை. "ஒரு வாய் குடுங்க டீச்சர்" என்று வாங்கித் தின்று முகத்தைச் சுளித்துவிட்டு, மறுநாளும் கேட்பார்கள். என் டப்பாவில் மீன் குழம்பு இருந்தாலும் ஒருத்தியும் எட்டிப் பார்த்ததில்லை.

பிள்ளைகளுக்குள் சண்டை, சீண்டல் என்று வந்தால் எங்களுக்குத் தெரிந்த வழி முட்டி போட வைப்பது, வெளியே நிறுத்துவது, அப்பாவைக் கூட்டி வரச் சொல்வது. அவர் வழி வேறு. சீண்டியவளையும் அவள் கூட்டாளிகளையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் தன்னோடு உட்கார வைப்பார். "அந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் வரவே பயப்படுது. நாளைக்கு அவ நிம்மதியா வரணும்னா நீ என்ன பண்ணுவே?" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்பார். யார் செய்தது, ஏன் செய்தாய் என்ற விசாரணையே கிடையாது. 'இதெல்லாம் ஒரு கண்டிப்பா? வெறும் கொஞ்சல்' என்று நான் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "இருக்கலாங்க, பார்ப்போம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்காது.

அப்படியிருக்கும்போதுதான் எட்டாம் வகுப்பில் அந்த உப்பு விஷயம் நடந்தது. உப்பளத்தில் கூலி வேலை பார்க்கிறவர்களின் மகள் ஒருத்தி, கணக்கில் கெட்டிக்காரி, முதல் பெஞ்சு. மீனவக் குப்பத்துப் பெண் ஒருத்தி, வாயாடி, கடைசி பெஞ்சு. சத்துணவுத் தட்டோடு உட்கார்ந்திருந்த உப்பளத்துப் பெண்ணின் சோற்றில் இவள் கை நிறைய உப்பை அள்ளிப் போட்டு, "உங்க வீட்டு சாமான்தான, தின்னு" என்று சொல்லியிருக்கிறாள். ஒருத்தி திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த போனில் படம் பிடித்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டது.

தேர்தல் நெருங்குகிற நேரம், கேட்க வேண்டுமா? காலையில் ஒரு கட்சி வந்து, குப்பத்துப் பெண்ணுக்கு டி.சி. கொடுத்து அனுப்பு என்றது. விடுவார்களா மற்றவர்கள்? மாலையில் இன்னொரு கட்சி வந்து, டி.சி. போதாது, போலீசில் கொடு என்றது. பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். உப்பளத்துப் பெண்ணின் முகத்தைப் பெரிதாகப் போட்டு மேலே 'நீதி வேண்டும்', கீழே வரிசையாகக் கட்சிக்காரர்களின் சிரித்த முகங்கள். அந்தப் பெண் பஸ்ஸிலிருந்து இறங்கித் தன் முகத்தையே பார்த்துவிட்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போனவள்தான். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் வரவில்லை. உப்புப் போட்ட அன்றுகூட அவள் அழுதுகொண்டே வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்காக நீதி கேட்டவர்கள்தான் அவளை வீட்டில் உட்கார வைத்தார்கள். இரண்டு பெண்களுமே படிப்பை விட்டுவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

கணக்கு டீச்சர் வழக்கம்போல வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். அன்றைக்கு மட்டும் கேட்காமலேயே குப்பத்துப் பெண்ணின் வாயிலிருந்து காரணம் வந்துவிட்டது. "நீங்க அவளையேதான் பார்க்கறீங்க டீச்சர். போர்டுல கணக்கு போட அவளையேதான் கூப்புடறீங்க." கணக்கு டீச்சர் கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே திரும்பப் போட்டார். அவள் சொன்னது எனக்கு ஒன்றும் அதிசயமாக இல்லை. பொறாமைக்காரியின் மனசு இன்னொரு பொறாமைக்காரிக்குத் தெரியாதா? அந்த மரத்தடியில் அவளைப் புரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான். ஆனால் அவள் அழுதுகொண்டே சாய்ந்தது கணக்கு டீச்சர் தோளில். "சரி, அவ திரும்பி வர நீ என்ன பண்ணுவே?" என்று அவர் கேட்டார். "அந்த பேனரைக் கிழிச்சிப் போடறேன் டீச்சர்" என்றாள். "அது வேணாம்மா. வேற சொல்லு." மூக்கை உறிஞ்சினாள். "நான் போயி கூட்டிட்டு வர்றேன். அவகூடவே உக்காந்து சாப்புடறேன்" என்றாள்.

முதல் நாள் உப்பளத்துப் பெண்ணின் அம்மா இவளைத் திட்டி விரட்டிவிட்டார். இவள் மறுநாளும் போனாள். எப்படிப் பேசினாளோ, வாரக் கடைசியில் இரண்டு பேரும் பஸ்ஸில் ஒன்றாக வந்து இறங்கினார்கள், ஃப்ளெக்ஸ் இருக்கிற பக்கம் இவள் நடந்து அவளை மறைத்துக்கொண்டு. அதே நாள் பார்த்துக் கட்சிக்காரர் ஒருவர் கூட்டத்தோடு பள்ளிக்கூடக் கேட்டுக்கு வந்தார். கையில் மைக். தலைமையாசிரியர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. கணக்கு டீச்சர்தான் போனார், பின்னால் நாங்கள் நின்றோம். "ஒரு பொண்ணு சோத்துல உப்ப அள்ளிப் போட்டிருக்கா. நீங்க அவள மடியில வச்சி கொஞ்சிட்டிருக்கீங்க. நீங்கள்லாம் சோத்துல உப்பு போட்டுத்தான் தின்றீங்களா?" என்று கட்சிக்காரர் கத்தினார். ரோஷம் இருக்கிறதா என்று கேட்கிறார். எனக்கு ரத்தம் கொதித்தது, ஆனால் நாக்கில் ஒரு வார்த்தை வரவில்லை. கணக்கு டீச்சர் கைகூப்பி, "இல்லீங்க சார். எனக்கு பிரஷர் இருக்குது. உப்பு சேர்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க" என்றார்.

முதலில் கூட்டத்தில் அந்தக் கட்சிக்காரரின் ஆளே ஒருத்தன் சிரித்தான். ஜன்னல்களில் பிள்ளைகள் சிரித்தார்கள். வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்ற உப்பளத்துப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மைக்கை இறக்கிவிட்டு அந்த மனுஷன் காரில் ஏறினார். கணக்கு டீச்சர் தெரிந்து சொன்னாரா, வெள்ளந்தியாகச் சொன்னாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் மனசு வரவில்லை. தமிழ் படித்தவள் நான். சொலவடையும் சிலேடையும் நடத்துகிறவள் நான். பதில் வந்தது கணக்கு டீச்சருக்கு. இதற்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சிரித்தது சிரித்ததுதான், விலை இல்லாமலா போகும்? மேலே இருந்து போன் மேல் போன் வந்தது. நடவடிக்கை என்று எதையாவது காட்டியாக வேண்டும் என்று தலைமையாசிரியர் குப்பத்துப் பெண்ணின் டி.சி.யைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யாருக்காவது டி.சி. குடுத்தாதான் ஆவும்னா எனக்குக் குடுங்க சார்" என்றார் கணக்கு டீச்சர். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் நிர்வாக மாறுதல் என்று ஆர்டர் வந்தது, மாவட்டத்தின் அந்தக் கோடிக்கு. பஸ் ஸ்டாப்பில் புது ஃப்ளெக்ஸ், 'போராட்டத்துக்கு வெற்றி'. அவர் கிளம்பிய அன்று பள்ளிக்கூடமே அழுதது. நான் அழவில்லை. நான் போனால் இதில் பாதியாவது அழுமா என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.

இரண்டு பெண்களும் இப்போது பத்தாவது படிக்கிறார்கள், ஒரே பெஞ்சில். போன வாரம் ஏழாம் வகுப்பில் புதுசாக ஒரு பிரச்சினை. பக்கத்து ஊரான அனுமந்தையிலிருந்து வருகிற ஒரு சின்னப் பெண்ணைக் 'கருவாடு, கருவாடு' என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டமாக விரட்டியிருக்கிறார்கள். செய்தி கேட்டுக்கு வெளியே போய்விட்டது. அதே கட்சிக்காரர், அதே டி.சி. தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்த்தார். கணக்கு டீச்சரால் முடிந்தது என்னால் முடியாதா என்று எனக்கு ஒரு வீம்பு. மேல்தட்டிலிருந்து அந்த டப்பாவை எடுத்தேன், என் புளிசாதத்தை அதில் மாற்றிக்கொண்டு, மூக்கைப் பிடித்த கும்பலை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். கூப்பிடாமலே குப்பத்துப் பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். டப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஒரு வாய் எடுத்துப் போட்டவள், "தமிழம்மா, இதுல உப்பு இருக்குதே!" என்றாள். ஏமாந்து போன குரல். நான் என்னடி பண்ணுவேன், எனக்குப் பிரஷர் இல்லையே.

"நாளைக்கு அவ நிம்மதியா வரணும்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். என் குரலில் அது மிரட்டலாகத்தான் வந்தது. பிள்ளைகள் முழித்தார்கள். பிறகு ஒருத்தி மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். அப்போது பார்த்துத் தலைமையாசிரியர் போனைக் கையால் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "அந்தக் கட்சிக்காரர் லைன்ல இருக்காருங்க. என்ன ஆக்ஷன் எடுத்தீங்கன்னு கேக்கறாரு. சோத்துல உப்பு போட்டுத் தின்ற டீச்சர் ஒருத்தர்கூட உங்க ஸ்கூல்ல இல்லியான்னு கத்தறாரு."

"இருக்காங்கன்னு சொல்லுங்க சார்" என்றேன். "தமிழம்மா உப்பு போட்டுத்தான் தின்றாங்க. அதனாலதான் ஒரு புள்ளைக்கும் டி.சி. குடுக்க விடமாட்டேங்கறாங்கன்னு சொல்லுங்க."

அப்பாடா, எனக்கும் ஒன்று வந்துவிட்டது! யார் சிரிக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. குப்பத்துப் பெண் மட்டும் விரலை நக்கிக்கொண்டே, "நல்லாத்தான் இருந்துச்சு. கணக்கு டீச்சரா இருந்தா கத்தாம சொல்லியிருப்பாங்க" என்றாள். அடிப்பாவி.

டப்பாவை என்னைக் கழுவ விடவில்லை. அவளே கொண்டுபோய்க் கழுவி, பாவாடையில் துடைத்து, ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டில் வைத்தாள். இறங்கியவள் மூலையில் கிடந்த என் குடையைப் பார்த்தாள். அதையும் எடுத்துக்கொண்டு திரும்ப ஏறி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். "உங்களுக்கும் ஆர்டர் வந்துச்சுன்னா, இத மறந்துட்டுப் போயிடுங்க தமிழம்மா" என்றாள். வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. நான் குடையை எடுக்காமல் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.